ரூபி டீச்சரின் கிளச்சு

என் மனைவி ரூபியைப் பற்றி வேறு யாராவது எழுதினால் மரியாதையாக எழுதுவார்கள். கணக்கு டீச்சர், இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்ததில்லை, திண்டுக்கல் மரியநாதபுரத்தில் பாதி வீட்டுப் பெண்களுக்கு அல்ஜீப்ரா வரவைத்தவர் என்றெல்லாம். அவள் ஓய்வுபெறும் நாளில் அதைத்தான் மைக்கில் வாசிக்கப்போகிறார்கள். நான் அவள் புருஷன். எனக்கு அந்த மாதிரிக் கட்டாயம் எதுவும் கிடையாது. 2003 தீபாவளிக்கு மறுநாள் அவள் என் பெல்பாட்டம் பேன்ட்டை மாட்டிக்கொண்டு காருக்கு அடியில் மல்லாந்து படுத்ததைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

என்னை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். பெயர் அமலன். தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலை. கார் ஓட்டத் தெரியாது, டி.வி.எஸ். பிப்டியே போதும் என்று இருப்பவன். ஒழுங்கு என்றால் எனக்கு உயிர். கடிதங்களைப் பிரிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் முகவரி மேலே தெரிய, ஸ்டாம்பு ஒரே மூலையில் வர அடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சோப்பைப் பெயர் மேலே தெரியும்படி வைப்பேன். தீப்பெட்டியைப் படம் மேலே வரும்படி திருப்பி வைப்பேன். "உங்களுக்கு இது ஒரு வியாதிங்க" என்பாள் ரூபி. அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

கார் அவள் அப்பாவுடையது. என் மாமனார் சூசை, சேவுகம்பட்டிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். 1973-இல் ஒரு பியட் வாங்கினார். பால் வெள்ளை நிறம், ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர். மகன் பிராங்கிளினுக்கு மீசை முளைக்கும் முன்பே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மகள் ரூபிக்கு அவர் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: "கண்ணாடியில கை வைக்காத ஆத்தா, ரேகை விழும்." அவள் பின் சீட்டில் இருந்தபடி, அப்பாவின் கால் எப்போது எந்தப் பெடலுக்குப் போகிறது என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வளர்ந்தாள்.

1989-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, மாமனாருக்கு நெஞ்சு வலி வந்தது. பிராங்கிளின் சென்னையில் இருந்தான். நான் பக்கத்திலேயே இருந்தேன், இருந்து என்ன பிரயோஜனம்? ரூபி சாவியை எடுத்தாள். அதுவரை ஒரு காரைக்கூட அவள் ஓட்டியதில்லை. சேவுகம்பட்டியிலிருந்து திண்டுக்கல் ஆஸ்பத்திரி வரை இரண்டே கியரில் வந்து சேர்ந்தாள். பின் சீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த மனிதர் வழியெல்லாம் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்: "கிளச்சுல இருந்து காலை எடு ஆத்தா." செம்பட்டி வந்ததும் எழுந்து உட்கார்ந்தே சொன்னார். அவர் தலையை மடியில் வைத்திருந்த நான், வலியைவிட கிளச்சுக் கவலைதான் அவரை உயிரோடு வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிழைத்து வந்த பிறகு அவர் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவியை அவள் கையில் கொடுத்து, "வாரம் ஒருக்க ஸ்டார்ட் பண்ணிப் போடு" என்றார், அவ்வளவுதான். ஏழு வருடம் கழித்து அவர் இறந்தபோது தோப்பும் வீடும் காரும் மகன் பெயருக்குப் போயின. கார் மட்டும் எங்கள் வீட்டு ஷெட்டில் நின்றது. ஒவ்வொரு வருடமும் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு, ரூபி அதை ஓட்டிக்கொண்டு போய் அப்பாவின் கல்லறையில் செவ்வந்தி மாலை போட்டுவிட்டு வருவாள். மீதி நாளெல்லாம் அதில்தான் பள்ளிக்கூடம் போவாள்.

2003 தீபாவளிக்கு முந்தின வாரம் கிளச்சு வழுக்க ஆரம்பித்தது. எஞ்சின் கத்தும், வண்டி நகராது. பாலத்தில் ஏறும்போது வைக்கோல் ஏற்றிய ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. அந்த மாடு திரும்பிப் பார்த்ததாக ரூபி இன்றைக்கும் சாதிக்கிறாள்.

வழக்கமான மெக்கானிக் உடையப்பனிடம் போனோம். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளச்சு போச்சு டீச்சர். பொம்பளைங்க ஓட்டுனா அம்புட்டுத்தான். பெடல் மேலயே காலை வச்சிக்கிட்டு இருப்பீங்க" என்றார். தீபாவளிக்குக் குஜிலியம்பாறை போவதாகவும், தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து முடித்து நவம்பர் பத்தாம் தேதிக்கு மேல்தான் கடையைத் திறப்பதாகவும் சொன்னார். ஊரில் மற்ற மெக்கானிக்குகள் மாருதி வந்த பிறகு பிறந்தவர்கள். பியட்டைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அந்த வாரமே பிராங்கிளின் போன் செய்தான். மதுரையில் ஒருவர் பழைய வண்டிகளை வாங்கி உடைக்கிறாராம். "அக்கா, அது ஓடாத வண்டி. எதுக்கு ஷெட்டை அடைச்சிக்கிட்டு?"

"யாருடா சொன்னது ஓடாதுன்னு?"

"சரி, ஒண்ணு செய்வோம். கல்லறைத் திருநாளுக்கு நான் வாரேன். அன்னைக்கு அந்த வண்டி அப்பா கல்லறைக்கு வந்து நின்னா, அது உனக்கு. எழுதிக் குடுத்துர்றேன். வரலைன்னா மதுரைக்காரர் சாயங்காலமே வந்து கட்டி இழுத்துட்டுப் போயிருவாரு. சரியா?"

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். என்னிடம் திரும்பி, "உங்க பழைய பேன்ட்டு எதாச்சும் இருக்கா?" என்றாள்.

கல்யாணத்துக்குத் தைத்த பெல்பாட்டம் இருந்தது. எனக்கு அது இடுப்பில் ஏறி வருடக் கணக்காகிவிட்டது. அவளுக்குச் சரியாக இருந்தது. தீபாவளிக்கு மறுநாள், சனிக்கிழமை காலை, தெருவெல்லாம் வெடிக் காகிதம் கிடக்க, அவள் காரை ஜாக்கி போட்டுத் தூக்கி நான்கு பக்கமும் ரயில்வே கட்டைகளை அண்டக் கொடுத்தாள். மாமனார் காலத்துப் புத்தகம் ஒன்று, படங்களோடு, தலைமாட்டில் விரித்து வைத்திருந்தது. பாயைப் போட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அடியில் போனாள்.

எனக்கு இரண்டு வேலை. டார்ச் பிடிப்பது, கேட்கிற ஸ்பேனரைக் கொடுப்பது. பதினாலாம் நம்பர் கேட்டால் பதினேழு கொடுத்தேன். டார்ச்சை அவள் கண்ணில் அடித்தேன். "தபாலாபீஸ்ல உங்கள எப்படித்தான் வச்சிருக்காங்களோ" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

பத்து மணிக்கு எதிர்வீட்டுப் பொன்னுத்துரை வந்தார். ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ்காரர். தெருவில் எது நடந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நிற்பவர். காருக்கு வெளியே இரண்டு பெல்பாட்டம் கால்கள் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். "என்ன சார், ஆள் வச்சு வேலை பாக்குறீங்களா? பழைய ஸ்டைல் மெக்கானிக் போல."

"ஆமா சார். நான் நின்னு பாத்துக்கிட்டாத்தான் ஒழுங்கா நடக்குது" என்றேன். என் வாய் அப்படி. அடியில் ஸ்பேனர் சத்தம் ஒரு நிமிடம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

மத்தியானத்துக்குள் அவள் கியர்பாக்ஸை ஜாக்கியின் மேல் பலகை வைத்துத் தாங்கி, அங்குலம் அங்குலமாக இறக்கிவிட்டாள். அதற்குப் பின்னால் இருந்து வந்ததுதான் கிளச்சுத் தட்டு. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் சின்னது, நடுவில் ஸ்பிரிங்குகள். எஞ்சின் சுற்றுகிற சுற்றைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது அதுதான் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். கழற்றிய சாமான்களை எல்லாம் சிமென்ட் தரையில் வரிசையாகப் பரப்பி, பக்கத்தில் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டாள். ஒவ்வொன்றிலும் கியர்பாக்ஸைப் பார்த்திருந்த பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும், அதுதான் அவள் விதி. "நான் குளிச்சிட்டு வாரேன். இதுல எதையும் தொடாதீங்க. ஒரு நட்டைக்கூட" என்றாள்.

நான் தொட்டேன்.

என்ன செய்வது? அந்தத் தட்டு அவ்வளவு அழுக்காக இருந்தது. கரித்தூளும் எண்ணெயும் அப்பிக்கிடந்தது. பிளாஸ்டிக் பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, பழைய பனியனால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஒரு பக்கத்தில் எழுத்தும் நம்பரும் எழும்பி வந்தன. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. எழுத்து மேலே தெரியும்படி, நேராக, நான்காம் நம்பருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு கவரை முகவரி தெரிய வைத்த திருப்தி.

குளித்துவிட்டு வந்தவள் நின்று பார்த்தாள். முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த புதுத் தட்டில் எழுத்து ஒன்றும் இல்லை. புத்தகப் படமும் மங்கல், பழையதைப் பார்த்துத்தான் பக்கம் தெரிந்துகொள்ள வேண்டும். "இது சுத்தமா இருக்கே. தொட்டீங்களா?"

"இல்லையே. வெளிச்சத்துல அப்படித் தெரியுது" என்றேன். திட்டு வாங்கப் பயம், வேறொன்றும் இல்லை.

அவள் புதுத் தட்டைப் பழையதன் பக்கத்தில் வைத்து அதே மாதிரி பிடித்துக்கொண்டு அடியில் போனாள். தட்டு நடுவாக உட்கார ஒரு கட்டை வேண்டும். சப்பாத்திக் கட்டையின் கைப்பிடியில் டேப்பைச் சுற்றி அதைச் செருகிச் சரிபார்த்தாள். அன்று மாலையும் மறுநாள் முழுவதும் வேலை நடந்தது. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு பெல்பாட்டத்தோடு சீட்டில் ஏறினாள். முகமெல்லாம் கிரீஸ், பல் மட்டும் வெள்ளை. ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் அருமையாக ஓடியது. கிளச்சை மிதித்து முதல் கியரைப் போட்டாள்.

கர்ர்ர் என்று ஒரு சத்தம். பொன்னுத்துரை வீட்டு நாய் எழுந்து ஓடியது.

பெடலைத் திருகிச் சரிசெய்தாள். மறுபடி கர்ர்ர். இன்னும் திருகினாள். கர்ர்ர். ஏழு தடவை. எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "எடுத்த மாதிரியேதான் மாட்டுனேன்" என்றாள். சாவியை உருவிக்கொண்டே, "எனக்குத் தெரியலைங்க" என்றாள்.

இருபத்திநாலு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பெரிய கணக்கு வாத்தியார்கள் மண்டையைச் சொறிகிற இடத்தில்கூட, "செத்த நேரம் குடுங்க" என்றுதான் சொல்வாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவள் உள்ளே போய்ப் போனை எடுத்தாள். "பிராங்கு, அந்த மதுரைக்காரரை வரச் சொல்லிரு. ஆமா. எனக்கு வரலைடா." அந்த வாரம் முழுக்க ஷெட் பக்கம் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில் போனாள். பெல்பாட்டத்தைத் துவைத்து மடித்து என் அலமாரியில் வைத்துவிட்டாள். சாக்பீஸ் நம்பர்களைக்கூட அவள் அழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, திருநாளுக்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோவிலுக்குப் போனேன். எங்கள் சாமியார் ஒரு பழைய ஜீப்பில் கிளைக் கிராமங்களுக்குப் பூசை வைக்கப் போவார். அந்த ஜீப்பை அவரேதான் பிரித்து மாட்டுவார். பூசையில் அப்பத்தை உயர்த்தும்போதே நகத்தில் கிரீஸ் தெரியும். பாவம் கேட்கிற கூண்டுக்குள் சொன்னதை அவர் வெளியே சொல்லக்கூடாது. நான் சொல்லலாம்.

வழக்கமான பாவங்களை ஒப்பித்த பிறகு, "பொண்டாட்டிகிட்ட ஒரு பொய் சொன்னேன் சாமி" என்றேன்.

"எதைப் பத்தி?"

"கிளச்சுத் தட்டைப் பத்தி."

கூண்டுச் சல்லடைக்கு அந்தப் பக்கம் ஆள் நிமிர்ந்து உட்காருகிற சத்தம் கேட்டது. அதுவரை கேட்ட பாவங்களில் அவருக்குச் சுவாரசியமானது அதுதான் போலிருக்கிறது. "முழுசாச் சொல்லும்."

சொன்னேன். மண்ணெண்ணெய், பனியன், தொடவில்லை என்று சொன்னது, கர்ர்ர் வரைக்கும்.

"திருப்பி வச்சீரே, மேடு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"என்ன மேடு சாமி?"

"நடுவுல ஸ்பிரிங் இருக்கும்ல. ஒரு பக்கம் தூக்கலா இருக்கும்யா."

"அது கீழ இருந்துச்சு சாமி. எழுத்து மேல இருந்துச்சு."

நீண்ட பெருமூச்சு ஒன்று சல்லடை வழியாக வந்து என் முகத்தில் பட்டது. "மேடு கியர்பாக்ஸைப் பாக்கணும். நீரு புரட்டி வச்சீரு, அந்தம்மா அதைப் பாத்துப் புதுசைத் தலைகீழா மாட்டியிருக்கு. பிறகு எப்படி கியர் விழும்?"

ஒரு வாரமாக அவள் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறியது முழுக்க என்னால்.

"மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லும். வீட்டுக்குப் போயி உண்மையைச் சொல்லும். கியர்பாக்ஸை நீரே படுத்து இறக்கும்."

"சாமி, அருள் நிறைந்த மரியே வேணா ஐம்பது சொல்றேனே."

"என்ன, பேரமா? போம்யா."

வீட்டில் ரூபி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்; உட்கார்ந்தால் எழுந்து ஓட நேரமாகும். அவள் சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தாள். நான் எதிர்பார்த்தது வசவு. அவள் கேட்டது வேறு.

"அப்ப நான் தப்பா மாட்டலையா?"

"இல்ல ரூபி."

அவள் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தாள். வசவு அப்புறம்தான் ஆரம்பித்தது. என்னில் தொடங்கி, எங்கள் அப்பா, தபால் இலாகா, சோப்பு டப்பா என்று முக்கால் மணி நேரம் போனது. அவ்வளவு திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். கடைசியாக, "காலைப் பூசை முடிஞ்சதும் படுங்க" என்றாள்.

"பேன்ட்டு எனக்குப் பத்தாதே."

"கைலியோட படுங்க."

சனிக்கிழமை காலை ஏழரைக்குப் படுத்தவன் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எழுந்தேன். கண்ணில் துரு, காதில் கியர் ஆயில். தலைக்கு மேல் ஒரு கார் முழுசாக நிற்கிறது என்கிற நினைப்பு வந்ததும் பாவக்கடன் தீர ஆத்துமாக்கள் கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலம் எப்படி இருக்கும் என்று விளங்கிவிட்டது. கியர்பாக்ஸ் ஜாக்கியிலிருந்து சரிந்து என் நெஞ்சில் சாய்ந்தபோது, "கத்தாதீங்க, பிடிங்க" என்று உத்தரவு வந்தது. பிடித்தேன். தட்டை மட்டும் அவளே வந்து, மேட்டை ஒரு தடவை தடவிப் பார்த்து மாட்டினாள். எந்தப் போல்டு எங்கே, எந்த வரிசையில் முறுக்க வேண்டும் என்று புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள். போன வாரம் இதையெல்லாம் தனியாகவா செய்தாள் என்று அடியில் கிடந்த எனக்கு மலைப்பாக இருந்தது. டார்ச் பிடித்தவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

நாலரைக்கு ஸ்டார்ட் செய்தாள். முதல் கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஹாரனை எதற்கு அடித்தாள் என்று தெரியவில்லை, அடித்துக்கொண்டே வந்தாள். பொன்னுத்துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என் கைலியையும் முகத்துக் கரியையும் பார்த்து, "சார், கடைசில நீங்களே இறங்கிச் சரிபண்ணிட்டீங்க போல!" என்றார். நான் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டேன். அவள் இன்னொரு தடவை ஹாரன் அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சேவுகம்பட்டிப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். சுண்ணாம்பு அடித்த சிலுவைகளில் எல்லாம் செவ்வந்தி. கார் வாசலில் வந்து நின்றதும் சித்தப்பன் பெரியப்பன் மக்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிராங்கிளின் ஓடி வந்தான். போனெட்டைத் தட்டினான். பிறகு நேராக என்னிடம் வந்து, என் கையைப் பிடித்துத் திருப்பி நகங்களைப் பார்த்தான். இரண்டு வேளைச் சோப்புக்கும் அந்தக் கறுப்பு போகவில்லை.

"அத்தான்! நீங்களா? கலக்கிட்டீங்க போங்க! பாருங்க சித்தப்பா, தபாலாபீஸ்ல இருந்துக்கிட்டு கிளச்சு மாத்தியிருக்காரு!"

நான் ரூபியைப் பார்த்தேன். அவள் திரும்பவே இல்லை. டிக்கியைத் திறந்து மாலையையும் மெழுகுவர்த்தியையும் எடுத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்செல்லாம் காதில் விழுந்து பழகிப்போனவள் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வசவுகூடத் தாங்கலாம்.

"பிராங்கு, செத்த நேரம் வாயை மூடு" என்றேன். எனக்கே கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "தட்டைப் புரட்டி வச்சுக் கெடுத்தவன் நானு. தொடவே இல்லைன்னு பொய் சொன்னவனும் நானு. இறக்குனது, மாட்டுனது, மறுபடி என்னையும் படுக்க வச்சு மாட்ட வச்சது எல்லாம் உங்க அக்கா. என் பேன்ட்டைப் போட்டுக்கிட்டு. தெருவுல கேட்டவருகிட்ட ஆள் வச்சிருக்கேன்னு வேற சொன்னேன்." பாவசங்கீர்த்தனத்தில் இந்தக் கடைசிப் பாவத்தைச் சொல்ல மறந்திருந்தேன். அங்கே சொல்லிவிட்டேன்.

ஒரு சித்தி மட்டும், "பேன்ட்டா?" என்றாள்.

பிராங்கிளின் அக்காவைப் பார்த்தான். மதுரைக்காரரிடம் கொடுக்க எடுத்து வந்திருந்த ஆர்.சி. புத்தகத்தைப் பையிலிருந்து உருவி அவளிடம் நீட்டினான். "மாத்தி எழுதுற பாரத்துல கையெழுத்துப் போட்டுத் தாரேன்க்கா." அவள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கல்லறைக்குப் போனாள். மாலையைப் போட்டாள். மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, "அப்பா, கிளச்சு மாத்தியாச்சு" என்றாள். அவர் எழுந்து உட்கார்ந்து பதில் சொல்லிவிடுவாரோ என்று எனக்கு ஒரு கணம் பயமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது முன் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். செம்பட்டி தாண்டியதும், "சித்தப்பா முன்னாடி அம்புட்டும் சொல்லணுமாக்கும்?" என்றாள். உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். அவள் இடது கால் கிளச்சுப் பெடலின் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. மாமனார் சொன்னது உண்மை. உடையப்பன் சொன்னதும் உண்மை. வாயைத் திறக்கப்போனேன், மூடிக்கொண்டேன். தேயட்டும். படுக்க நான் இருக்கிறேன்.